மூன்றாவது வளைவில் ஒரு மரம்

பட்டாணியின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்தே வேலை. அதனால் ஏழாவது நாள் அவர் உட்காரவே மாட்டார். ஞாயிறு விடிந்ததும் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு, கழுத்தில் கேமராவோடு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைக்குக் கிளம்பிவிடுவார்.

பட்டாணி என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். இப்போது பத்து வயது, அம்மாவின் தோள் உயரம் வந்துவிட்டாள். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் ஒட்டிக்கொண்டதுதான்.

மலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். போகிற வழியில், மூன்றாவது வளைவில், தட்டையான கல் ஒன்று உண்டு. அதில் ஏறி நின்றால் எதிர்ச் சரிவில் ஒரு மரம் தெரியும். இடுப்பு உயரத்திலேயே இரண்டாகப் பிரிந்து வளர்ந்த மரம். ஒவ்வொரு ஞாயிறும் அதே கல்லில் நின்று, அதே மரத்தை, அம்மா ஒரே ஒரு படம் எடுப்பார். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஐம்பத்திரண்டு படம். ஒரு மரம் ஒரு வருடம் முழுக்க என்னதான் செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"ஒரே மரத்தைப் போய் எத்தனை தடவைதான் எடுப்பே?" என்று அப்பா கேட்பார்.

"ஒரே ரோட்டுல தினமும் எட்டுத் தடவை பஸ் ஓட்டறேன். அதுக்கு இது பரவாயில்லை" என்பார் அம்மா.

காய்ச்சல் வந்தபோதும் போனார். கொட்டுகிற மழையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டும் எடுத்தார். ஒரு வாரம்கூட விட்டதில்லை. பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில் ஒரு சுவரையே இதற்காகக் காலி செய்துவிட்டார்கள். அங்கே மெக்கானிக் ஒருவர் அளவெடுத்து, வரிசைக்குப் பதின்மூன்று வீதம் நான்கு வரிசை ஆணி அடித்து வைத்திருந்தார். புது வருடத்தின் முதல் திங்கட்கிழமை எல்லாப் படங்களையும் மாட்டுவதாக ஏற்பாடு.

நாற்பத்தெட்டு படங்கள் முடிந்திருந்தன. அப்போதுதான் அது நடந்தது. உறைபனி பிடித்த சாலையில் அத்தனை பெரிய வண்டியைச் சறுக்காமல் ஓட்டிக்கொண்டு வந்த அம்மா, அதிலிருந்து இறங்கும்போது படியில் சறுக்கிவிட்டார். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரத்துக்குக் கட்டு, தரையில் காலை ஊன்றக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்மா வலிக்கு அழவில்லை. கட்டிலில் படுத்தபடி, எதிர்ச் சுவரில் கயிறு கட்டி, துணி மாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டிருந்த நாற்பத்தெட்டு படங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் நாலே நாலு" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டாணிக்கு மனசு கேட்கவில்லை.

"நான் போய் எடுக்கறேன்மா" என்றாள்.

"தனியாவா? பனியிலயா? பேசாம இரு."

"அப்பாவோட போறேன்."

பக்கத்து அறையில் செய்தித்தாள் சரசரத்தது. அப்பாவுக்குக் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. ஞாயிறு காலைத் தூக்கம் என்றால் அவருக்கு உயிர்.

"வாரம் பூரா குளிர்ப் பெட்டிக்குள்ளதான் தலையை விட்டுக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமையும் குளிர்லயா?" என்று குரல் வந்தது.

பட்டாணி கதவருகே போய் நின்று அப்பாவையே பார்த்தாள். அந்தப் பார்வையே அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. "சரி, சரி. எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டார்.

சனிக்கிழமை அம்மா பாடம் நடத்தினார். கேமரா பழையது. பின்பக்கத் திரை எப்போதோ செத்துப்போய்விட்டது. துளையில் கண்ணை வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்பது ஸ்டூடியோவில் அச்சுப் போட்டால்தான் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், அதனால் இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும்போது வாசலிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுச் சூட்டில் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும்.

"மூணாவது வளைவு. தட்டைக் கல். எதிர்ல ரெண்டாப் பிரிஞ்ச மரம். மறந்துடாதே" என்றார் அம்மா.

"மறக்க மாட்டேன்" என்றாள் பட்டாணி.

ஞாயிறு காலை மலை முழுக்கப் பனி. அப்பா நாலு அடி நடப்பார், நின்று மூச்சு வாங்குவார், "காட்சி அழகா இருக்குல்ல, நின்னு பார்க்கணும்" என்பார். பார்ப்பதெல்லாம் தன் ஷூவைத்தான் என்று பட்டாணிக்குத் தெரியும். ஆனாலும் அவள் சிரிக்கவில்லை. பாவம், தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாரே.

"இதுதான் மூணாவது வளைவு" என்று அப்பா சொன்னார்.

"ரெண்டாவது இல்ல?"

"நான் எண்ணிக்கிட்டேதான் வர்றேன். கல்லு பனிக்கடியில இருக்கும். அதோ பாரு, மரம்."

எதிரே மரம் இருந்தது. இரண்டாகப் பிரிந்தும் இருந்தது. பட்டாணி கையுறையைக் கழற்றினாள். மூச்சுப் பட்டுத் துளை மங்கிவிடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டு முறையும் வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளுடைய சில்லிட்ட விரல்களைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டார். பட்டாணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வாரம் நடுவில் மழை பெய்து பனியெல்லாம் கரைந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம், அப்பாவும் அவளும் தெருமுனை ஸ்டூடியோவுக்குப் படம் வாங்கப் போனார்கள். ஸ்டூடியோ அக்காதான் இதுவரை நாற்பத்தெட்டு படங்களையும் அச்சுப் போட்டவர்.

படங்களை உறையில் போடும்போது அக்கா கேட்டார், "என்ன பட்டாணி, மரத்தை மாத்திட்டீங்களா?"

"இல்லக்கா, அதே மரம்தான்."

"அப்படியா?" என்று அக்கா கணினித் திரையைத் திருப்பி, பழைய படம் ஒன்றையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தார். பழைய படத்தில் இடது கிளையில் பெரிய முடிச்சு ஒன்று, முட்டி மடக்கின மாதிரி. புதிய படத்தில் அது இல்லவே இல்லை. இரண்டு கிளையும் வழுவழுவென்று இருந்தன. பனிக்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டால் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

பட்டாணி உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்கு வந்ததும் கேட்டாள், "அப்பா, நீங்க வளைவை எங்கேயிருந்து எண்ணினீங்க?"

"கீழ, வண்டி நிறுத்தற இடத்துல திரும்பினோமே, அது ஒண்ணு..." என்று ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். "அது வளைவு இல்லையோ?"

பட்டாணி இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒண்ணு பண்ணலாம்" என்று அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார். "நாளைக்கே சரியான மரத்தை மூணு படமா எடுத்துடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"போன வாரம் பனி இருந்துச்சுப்பா. இப்ப இல்ல. அம்மா கண்டுபிடிச்சுடுவாங்க."

"அப்ப எடுத்ததையே குடுத்துடலாம். ரெண்டாப் பிரிஞ்ச மரம்தானே கேட்டா?"

"அப்பா."

"சும்மா சொன்னேன்" என்று அப்பா அசடு வழிந்தார். பிறகு அவளுடைய குல்லாவை இழுத்துக் காதை மூடிவிட்டார். "தப்பு என்னோடது. நீ ரெண்டாவதுன்னு சரியாத்தான் சொன்னே. அம்மாகிட்ட நானே சொல்றேன்."

"நாளைக்குச் சொல்லலாம்பா. முதல்ல சரியான மரத்தைப் பார்த்துட்டு வந்துடலாம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "படம் வந்துச்சா?"

அப்பா பேந்தப் பேந்த விழித்தார். பட்டாணி முந்திக்கொண்டாள். "நாளைக்கு மூணாவதையும் எடுத்துட்டுக் காட்டறேன்மா. அம்மா, மூணாவது வளைவுன்னா எங்கேயிருந்து எண்ணணும்?"

"மரப்பாலம் தாண்டின பிறகு. ஏன்?"

"சும்மாதான்."

அம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தார்.

அன்று பட்டாணி சரியாகச் சாப்பிடவில்லை. கடந்துபோன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எங்கே போய் வாங்குவது? ஆணி அடித்த சுவரில் இரண்டு ஆணி மட்டும் வெறுமையாக நிற்கப் போகிறதே. அம்மா காய்ச்சலில்கூட விடவில்லை. தான் நன்றாக இருந்தும் கோட்டை விட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் மரப்பாலத்தைத் தாண்டிய பிறகு அவளே வாய்விட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. தட்டைக் கல் பளிச்சென்று கிடந்தது. எதிரே, முடிச்சு விழுந்த கிளையோடு, அம்மாவின் மரம்.

ஆனால் கல்லின் மேல் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரர். அலுவலகக் கோட்டு, காது மூடிய தொப்பி. கையை நீட்டி, கைபேசியைத் தூக்கிப் பிடித்து, பல்லெல்லாம் தெரிய அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே நிமிஷம் சார், முடிஞ்சுடுச்சு" என்று அவர் கீழே குதித்தார். "எங்க அக்காவுக்கு அனுப்பணும். வாரா வாரம் கட்டாயம்."

"வாரா வாரமா?" என்றார் அப்பா.

"ஆமா சார். டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார். அக்கா வெளியூர்ல இருந்தாலும் கண்காணிப்பு பலமா இருக்கும். ஒரு தடவை நான் சோபாவுல உட்கார்ந்துக்கிட்டே பழைய போட்டோ ஒண்ணை அனுப்பிட்டேன். போன மாசம் மொட்டை போட்ட ஆளுக்கு இன்னிக்கு எப்படிடா இவ்வளவு முடின்னு கேட்டுட்டா. அதுலேர்ந்து கண்டிஷன். மூஞ்சி மட்டும் போதாது, பின்னால மலையும் தெரியணும்."

அப்பா சிரித்தார். பட்டாணி சிரிக்கவில்லை. கல்லைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். தபால்காரர் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"மாமா, எப்பவும் இந்தக் கல்லு மேலதான் நிப்பீங்களா?"

"இதுக்கு மேல ஏற மூச்சு வராது பாப்பா. அதனால இதுதான் என் உச்சி."

"போன ஞாயித்துக்கிழமையும் எடுத்தீங்களா? அதுக்கு முந்தின ஞாயிறும்?"

"எடுக்காம? அக்கா விடுவாளா?"

அவர் கைபேசியைக் காட்டினார். முதல் படத்தில் முக்கால்வாசி தபால்காரர்தான். ஆனால் அவருடைய தோளுக்கு மேலே, பனி போர்த்திய சரிவில், ஒரு மரம் முழுதாகத் தெரிந்தது. பட்டாணி படத்தைப் பெரிதாக்கினாள். முடிச்சும் இருந்தது. ஆனால் வலது கிளையில் இருந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "இதுவும் வேற மரம்பா."

"இந்த மலையில முடிச்சுக்கும் பஞ்சமில்லை போல" என்று அப்பா பெருமூச்சு விட்டார்.

பட்டாணி கைபேசியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கொடுக்கும் முன் இன்னொரு முறை பார்த்தாள். தபால்காரரின் கோட்டில் தைத்திருந்த எண்ணும் எழுத்தும் படிக்கவே முடியவில்லை. எல்லாம் திரும்பியிருந்தன, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

"அப்பா, போன் படத்தைத் திருப்பி எடுத்திருக்கு. கோட்டைப் பாருங்க. எழுத்து திரும்பியிருந்தா மரமும் திரும்பித்தானே இருக்கணும்? முடிச்சு நிஜமா இடது பக்கம்தான் இருக்கு."

அப்பா படத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், எதிரே மரத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "அட" என்றார்.

விஷயம் தெரிந்ததும் தபால்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது படத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்குச் சின்னக் கவலை.

"கவலைப்படாதீங்க சார். ஸ்டூடியோவுல உங்க மூஞ்சியை வெட்டிட்டு, மரத்தை மட்டும் வச்சுக்குவோம்" என்றார் அப்பா.

"ஓ. சரிதான் சார். மரம்தானே முக்கியம்" என்று சொன்ன தபால்காரரின் முகம் கொஞ்சம் சுருங்கிப்போனது. அவர் தொப்பியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

பட்டாணி அதைக் கவனித்துவிட்டாள். "வேண்டாம்பா. வெட்ட வேண்டாம். இவர் குளிர்ல ஏறி வந்து எடுத்த படம். முழுசாவே இருக்கட்டும்."

பிறகு கல்லில் ஏறி, ஐம்பத்தோராவது படத்தை எடுத்தாள். வீட்டு வாசலில் மறக்காமல் கேமராவைப் பையில் போட்டுக் கட்டினாள்.

அம்மாவின் கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தாள். தப்பாக எடுத்த இரண்டு படங்கள். அப்பாவின் கைபேசிக்கு வந்திருந்த தபால்காரரின் இரண்டு படங்கள். அப்பா தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் அவளே ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். வளைவு, முடிச்சு, ஸ்டூடியோ அக்கா, எல்லாம். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. "உன் மரத்தை ரெண்டு வாரம் விட்டுட்டேன்மா."

அம்மா கைபேசியை எடுத்துத் தபால்காரரின் இரண்டாவது படத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் மரம் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தது. அம்மாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பட்டாணி பயந்துவிட்டாள்.

அம்மா சிரித்துவிட்டார். கட்டில் ஆட, தலையணையில் வைத்திருந்த கால் ஆட, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஐயோ, கால் வலிக்குது. இந்தப் படத்தை எடுத்துட்டுப் போங்க" என்றார். ஆனால் கைபேசியை யாரிடமும் கொடுக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் பட்டாணியை இழுத்து அணைத்துக்கொண்டார். "நேத்து நீ வளைவைப் பத்திக் கேட்டப்பவே நினைச்சேன். நீ எப்படிச் சொல்லப் போறேன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"கோவமில்லையாம்மா?"

"கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு. இப்ப போயிடுச்சு."

அடுத்த ஞாயிறு ஐம்பத்திரண்டாவது படமும் முடிந்தது. புது வருடத்தின் முதல் திங்கட்கிழமை, அம்மா அக்குளில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு பணிமனைக்கு வந்தார். ஓய்வறையில் தேநீரும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். ஓட்டுநர்கள் சுவரோரமாகவே மெதுவாக நகர்ந்து, மரம் தளிர்ப்பதையும் பூப்பதையும் பழுப்பதையும் பார்த்துக்கொண்டு போனார்கள். நான்காவது வரிசையில் பத்தாவது படம் வந்ததும் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"அக்கா, மரம் புரியுது. இவர் யாரு?" என்று ஓர் ஓட்டுநர் கேட்டார்.

"நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தபால்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அவருடைய அக்காவும் ரயிலேறி வந்திருந்தார். "கண்ணைத் திறந்து வச்சிருக்கக் கூடாதா?" என்று அந்த அக்கா அதட்ட, அறையே சிரித்தது. தபால்காரருக்கு வாய் காது வரைக்கும் போய்விட்டது.

"அடுத்த வருஷமும் இதே மரம்தானா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"கால் சரியானதும் ஞாயித்துக்கிழமை நான் இதைப் பார்க்கப் போவேன். ஆனா படம் வேற மரம்" என்ற அம்மா, பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்துப் பட்டாணியின் கையில் கொடுத்தார். வழுவழுவென்று இரண்டு கிளை, மேலே பனி. "ஒரு வருஷமா தாண்டித் தாண்டிப் போயிருக்கேன், இதை ஒரு நாள்கூட நின்னு பார்த்ததில்லை. இது என் மரம் இல்ல, பட்டாணியோட மரம். ரெண்டு படம் ஏற்கெனவே எடுத்துட்டா. இன்னும் அம்பதுதான் பாக்கி."

பட்டாணி அப்பாவைப் பார்த்தாள். ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன அப்பாவின் கை பாதியிலேயே நின்றது. "எத்தனை மணிக்கு?" என்று அவர் கேட்டார்.